தேதிக் கட்டுக்குப் பின்னால் ஒரு கை

ஆவாரங்கோட்டையில் வீட்டுக்கு வீடு தொங்கிய காலண்டர்களில் தேதிக் கட்டுக்குப் பின்னாலிருந்து சாயம் கசியத் தொடங்கிய அந்த ஆடி மாதத்தில், ஊர் முதலில் மையைக் குறை சொன்னது, அப்புறம் தாளைக் குறை சொன்னது, அப்புறம் அந்த வருஷம் பெய்யாத மழையைக்கூடக் குறை சொன்னது. காலண்டரில் இருந்த பெண்ணை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட அவளிடம் என்ன இருந்தது? சந்தன நிறம், பாதி தழைந்த இமை, உதட்டோரம் ஒரு சிரிப்பு, தலைக்கு மேலே தங்க எழுத்தில் 'குடும்ப விளக்கு' என்று ஒரு தலைப்பு. இவளா வம்புக்குப் போகிறவள்?

ஆனால் அந்தப் பெண் அப்படிப் பிறந்தவள் இல்லை. அவளை வரைந்தது ஊர்ப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் டிராயிங் டீச்சர் செண்பகவடிவு. வரையப்பட்டதும் அதே செண்பகவடிவுதான். ஒரு கோடை விடுமுறை முழுக்க பீரோக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, வியர்வை வழிய வழிய, தன் முகத்தைத் தானே பார்த்து வரைந்த படம் அது. படத்தில் இருந்த நிறம் அவளுடைய கறுப்பு நிறம். புருவம் நெரிந்திருந்தது, தன் மூக்கின் நீளத்தைத் தானே அளந்துகொண்டிருக்கிற நேரத்தில் உலகத்தில் எவளும் புன்னகை செய்துகொண்டிருக்க மாட்டாள். கீழே, மார்புக்கு நேரே, பிரஷ் பிடித்த கை. சின்ன வயதில் பஸ் கதவு நசுக்கிக் கோணலாகிப்போன சுண்டுவிரலோடு, கூட்டாமலும் குறைக்காமலும் இருந்தபடியே இருந்த கை. அந்தக் கைக்குக் கீழே அவள் கையெழுத்து.

அச்சகக் கனகவேல் அண்ணாச்சி அந்தப் படத்தைக் கேட்டபோது அவள் கொடுத்தது ஒரே ஒரு வார்த்தைக்காக. "தாயி, பத்து ஜில்லாவுல சுவத்துக்குச் சுவரு உன் முகம், உன் பேரு," என்றார் அவர். முகம் என்பதில் அவளுக்குப் பெரிய ஆசை கிடையாது, முகத்தை அவள் தினம் பார்க்கிறாள். பேர் என்றதும் கொடுத்துவிட்டாள். ஒரு பெண் தன்னைத்தானே பார்த்து, பார்த்ததைப் பயப்படாமல் வரைந்து, கீழே தன் பேரைப் போட்டாள் என்று பத்து ஜில்லாவுக்குத் தெரியட்டும் என்று நினைத்தாள். இதில் என்ன தப்பு? இதைக்கூட ஆசைப்படக் கூடாதா?

அச்சகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. அட்டையின் மேல் பாகத்தில் படம். கீழ்ப் பாகத்தில் தேதிக் கட்டு. படம் கீழ்வரைக்கும் அச்சாகும், ஆனால் அடியில் என்ன இருந்தாலும் அதன் மேல் தேதிக் கட்டை வைத்துத் தகடு அடித்துவிடுவார்கள். சாமி படங்களில் அந்த இடத்தில் தாமரையோ மேகமோதான் இருக்கும் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. செண்பகவடிவின் படத்தில் அந்த இடத்தில் இருந்தது கையும் பிரஷும் பேரும். மேலே தெரிந்த முகத்துக்கு அச்சகத்தின் டச்சிங் ஆள் அண்ணாச்சி சொன்னபடி சந்தனம் பூசினான், புருவத்தை நீவிவிட்டான், இமையைத் தாழ்த்தினான், உதட்டை இழுத்துச் சிரிக்கவைத்தான். "சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுறது தாயி, முறைச்சா எவன் வாங்குவான்?" என்று அண்ணாச்சி அதற்கும் நியாயம் வைத்திருந்தார். மூலப் படம் என்ன ஆயிற்று என்று அவள் போய்க் கேட்டபோது அச்சகக் குடோனில் சட்டம் மட்டும் இருந்தது. சட்டத்துக்கு உள்ளே இருந்ததைக் கறையான் தின்றுவிட்டிருந்தது.

ஆக, உலகத்தில் மிச்சமிருந்தது அச்சுப் பிரதி மட்டுமே. பிரதியில் இருந்தவளிடம் பிரஷ் இல்லை. பிரஷ் இல்லாமல் ஒரு பெண் படத்தில் இருந்தால் அவள் யாரோ ஒருவர் பார்த்து வரைந்த பெண்தானே? அந்த யாரோ யார் என்ற கேள்வி பஸ்ஸிலும் சலூனிலும் கல்யாண வீடுகளிலும் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பக்கத்து ஊரில் இருந்த ஓவியர் அமிர்தகடேசன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் ஓவியக் கல்லூரியில் செண்பகவடிவுக்கு ஒரு வருஷம் பாடம் எடுத்தவர், வெள்ளைத் தாடி வைத்தவர், மெதுவாகப் பேசுகிறவர். நான்தான் வரைந்தேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் வரையவில்லை என்றும் சொன்னதில்லை. யாராவது பாராட்டினால் கண்ணை மூடிக்கொள்வார், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொள்கிறவர்களுக்கு இந்த நாட்டில் எவ்வளவு பேரும் புகழும் சேர்ந்துவிடுகிறது.

தலைநகரத்திலிருந்து பேராசிரியர் இளம்பரிதி என்பவர் ஓவியர்கள் தங்களைத் தாங்களே வரைந்த படங்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் போட்டார். பக்கத்துக்குப் பக்கம் ஆண்கள். பைப் பிடித்தவர், தொப்பி போட்டவர், பிரஷ்ஷை வாள் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றவர். அமிர்தகடேசன் அத்தியாயத்தில், அவர் முகத்துக்கு எதிர்ப் பக்கத்தில், 'குடும்ப விளக்கு' இருந்தது. அடியில் 'ஓவியரின் மாணவி' என்று ஒரு வரி. பேர்கூட இல்லை. செண்பகவடிவு மறுபடியும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அதே படத்தை, அதே நெரிந்த புருவத்தோடும் அதே கையோடும் திரும்ப வரைந்து, அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பேராசிரியரைப் பார்க்கப் போனாள். அவர் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் அன்பாகவே சொன்னார்: "காலண்டரைப் பார்த்து நல்லா காப்பி பண்ணியிருக்கீங்க டீச்சர். கலர்தான் கொஞ்சம் தூக்கலாப் போச்சு."

தன் முகத்துக்கே தான் காப்பி என்று கேட்ட அன்றிலிருந்து அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. தன்னை வரைந்தது தான் என்று ஊர் தன் வாயால் சொல்ல வேண்டும்.

கட்டைத் தூக்கிப் பார்த்தால் தீர்ந்தது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். ஆவாரங்கோட்டையில் அது நடக்காது. அங்கே நாளைய தாளை இன்றைக்குத் தொடமாட்டார்கள். தேதிக் கட்டைத் தூக்குவது, வரப்போகிற நாட்களின் அடியில் கையை விட்டுத் துழாவுகிற காரியம். செய்த பிள்ளைக்குப் புறங்கையில் அடி விழும், செண்பகவடிவுக்கும் விழுந்திருக்கிறது. வருஷம் முடிகிற அன்றும் கடைசித் தாளைக் கிழிக்க மாட்டார்கள். வருஷத்தை மொட்டையாக விடக்கூடாதென்று அதை அப்படியே விட்டு, அதே ஆணியில், பழையதன் மேலேயே புதியதை மாட்டுவார்கள். எவ்வளவோ வாதம் பண்ணத் தெரிந்த செண்பகவடிவுகூட இந்த ஒரு விஷயத்தில் அம்மாவின் அடிக்குக் கட்டுப்பட்டவளாகவே இருந்தாள். தவிரவும், கையை அண்ணாச்சி எப்போதோ வெட்டியிருப்பார் என்றே நினைத்திருந்தாள்.

இப்படி இருந்தபோதுதான் சாயம் கசிந்தது. முதலில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒரு தீற்றல், மறுநாள் இரண்டு தீற்றல், அப்புறம் ஒரு வளைவு, வளைவுக்கு ஒரு நிழல். ஆடிப்பெருக்கு கழிவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு தாளின் முதுகிலும் ஈரம் காயாத ஒரு படம் இருந்தது, ஒரு வீட்டுப் படம் இன்னொரு வீட்டில் இல்லை. சுவரில் தொங்கியபடி முந்தின நாள் முழுக்க அந்த வீட்டில் எதைப் பார்த்தாளோ அதைக் காலண்டர்ப் பெண் வரைந்திருந்தாள். பாதி தழைந்த இமையானாலும் பாதிக்குத் தெரியுமல்லவா?

செண்பகவடிவின் பக்கத்து வீட்டு முப்பிடாதி அக்காதான் முதல் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் முப்பிடாதி அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சட்டியின் அடிச்சோற்றை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். கூடத்தில் மின்விசிறி சுற்றியது, அதன் கீழே புருஷன் படுத்திருந்தார், ஏப்பம்கூட வரைந்தது போலத் தெரிந்தது.

"நான் நின்னுக்கிட்டா சாப்பிடுறேன்?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"தினமும்தானேக்கா."

"எனக்கு யாரும் சொல்லலையே," என்றாள் அவள். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆனா லட்சணமாத்தான் இருக்கேன், என்னளா?" என்று சிரித்தாள். வீட்டுக்குப் போய்ச் சோற்றுப் பருக்கையைத் தடவி அதை அலமாரிக் கதவில் ஒட்டினாள். அன்று மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

செண்பகவடிவு பார்த்தது வேறொன்றை. சட்டியின் நிழல் பச்சையாக இருந்தது. புருஷனின் தொந்திக்குக் கீழே விழுந்த நிழலும் பச்சை. நிழலுக்குக் கறுப்பை எடுக்காமல் பச்சையை எடுக்கிற பழக்கம் ஓவியக் கல்லூரியில் ஒருத்திக்குத்தான் இருந்தது, அதற்காக அமிர்தகடேசனிடம் மார்க்கைப் பறிகொடுத்தவளும் ஒருத்திதான். அவள் வீட்டுக்குள் போனாள், கதவைச் சாத்தினாள், அம்மா அடித்த புறங்கை அரிக்க அரிக்க, வரப்போகிற அத்தனை நாட்களையும் ஒரு கையால் தூக்கினாள்.

கை அங்கே இருந்தது. வெட்டப்படவில்லை, பூசப்படவும் இல்லை. கட்டுக்கு மேலே சந்தன முகம். கட்டுக்குக் கீழே, அவள் கறுப்பில், அவள் கோணல் சுண்டுவிரலோடு, அவள் கை. மறையப்போகிற இடத்துக்கு வெள்ளையடிக்க எந்த அச்சகத்துக்கும் மனசு வராது. அந்தக் கஞ்சத்தனம்தான் அவளைக் காப்பாற்றி வைத்திருந்தது. பிரஷ்ஷின் நுனி பச்சையாக, ஈரமாக இருந்தது. பேர் இருந்தது. செண்பகவடிவு தன் கையைப் பார்த்து, வேலைக்குப் போய் வந்த அக்காவைப் பார்ப்பது போல, சாப்பிட்டாயா என்று கேட்கப் பார்த்தாள்.

ஊர் இதற்கெல்லாம் மலைத்து நிற்கவில்லை, அதற்கு வேறு வேலை இருந்தது. சில வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் காலண்டர் மேல் துண்டைப் போட்டார்கள். அடுத்த நாள் தாளில் துண்டின் உள்பக்க நெசவு இழை இழையாக வந்தது. தலைமையாசிரியை தன் அறையில் காலண்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார். அது சுவரை வரைந்தது, பல்லி முட்டை உட்பட. கிழக்குத் தெருவில் ஒரு மாமியார், காலண்டருக்கு நேர் எதிரே வைத்து மருமகளுக்கு முதல் டிக்காஷன் காப்பியும் அடுப்படியில் வைத்து மூன்றாம் டிக்காஷன் காப்பியும் கொடுத்துவந்தார் என்பது தெரிந்ததும், மருமகள் ஆணியை அடுப்படிக்கு மாற்றினாள். தாள்கள் பலசரக்குக் கடைக்குப் போய்க் கடலை மடிக்கிற பொட்டலமாயின, பொட்டலம் பிரித்தவர்கள் அடுத்த தெருவில் யார் யாரை அறைந்தார்கள் என்று தெரிந்துகொண்டார்கள், அதன்பிறகு கடலை விற்பனை கூடியது. கல்யாணத் தரகர் ஜாதகத்தோடு கூடவே ஒரு தாள்க்கட்டையும் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பெண் வீட்டார், "பையன் போட்டோ இருக்கட்டும், மாப்பிள்ளை வீட்டுத் தாள் ஒரு மாசத்துக்குக் காட்டுங்க," என்று கேட்டார்கள். சில ஆண்கள் கூடத்தில் கால் நீட்டி உட்காருவதை விட்டார்கள். சிலர் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி உட்கார்ந்தார்கள். அவர்களைக் காலண்டர்ப் பெண் அப்படியே வரைந்தாள், மாதிரி என்பதும் சேர்ந்து தெரிகிற விதத்தில்.

எல்லாம் சரி. இத்தனையையும் வரைவது யார் என்று ஊர் கேட்டதா என்றால், கேட்டது. கேட்ட வாயோடு பதிலும் சொல்லிக்கொண்டது. அமிர்தகடேசன் வரைந்த படமல்லவா, அதுதான் உயிர் வந்து வரைகிறது என்றார்கள். பத்திரிகையில் அப்படி வந்தது. வெளியூர்களிலிருந்து வேன் பிடித்து அவர் வீட்டுக்குப் போனார்கள், அவர் காலில் குழந்தைகளைப் போட்டு எடுத்தார்கள். "நான் வெறும் கருவி," என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு. எந்தக் கைக்கு அவர் கருவி என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அற்புதம் நடந்தால்கூட அதை ஒரு ஆம்பிளை பேரில் எழுதிவைத்தால்தான் ஊருக்குத் தூக்கம் வரும் போலிருந்தது.

செண்பகவடிவு அண்ணாச்சியிடம் போனாள். கட்டைத் தூக்கிக் காட்டினாள். அண்ணாச்சி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், அறுபது வயதில் அவருக்கும் புறங்கை அரித்திருக்கும். "கட்டுக்குப் பின்னால என்ன இருந்தா என்ன தாயி, தேதி தெரியுதுல்ல?" என்றார். அவள் வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் வாங்க டீச்சர் என்று வரவேற்று, காப்பி கொடுத்து, அவள் கை கட்டுக்குப் போனதும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். தூக்கியது அவள், பாவம் அவளுக்கு. பார்த்தால் அது தங்களுக்கு. முப்பிடாதி மட்டும் விரலிடுக்கு வழியாக ஒரு ஓரம் பார்த்தாள், பார்த்துவிட்டுச் செண்பகவடிவின் சுண்டுவிரலைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள்.

ஐப்பசியில் ஆவாரங்கோட்டை வியாபாரிகள் சங்க மண்டபத்தில் ஓவியர் அமிர்தகடேசனுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். 'தூரிகைச் சித்தர்' என்று பட்டம். தலைநகரத்து ஓவியக் கூடத்தில் இந்தப் படத்துக்குக் கீழே, அவர் பேரோடு, நிரந்தரமாகத் தொங்கப்போகும் பெயர்ப்பலகை ஒன்றும் தயாராகிவிட்டது என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. அந்தப் பலகை மாட்டப்பட்டால் பிறகு பேச்சில்லை, அவள் சாகும்வரை அவள் முகத்தை அவர்தான் வரைந்தார். காலையில் மண்டபம் நிரம்பியது. மேடையின் பின்சுவரில், விழாவுக்கென்றே அச்சிட்ட கதவளவு காலண்டர். அதன் தேதிக் கட்டு நெல் புடைக்கிற சுளகு அகலம் இருந்தது. சால்வை போர்த்தினார்கள். பேராசிரியர் இளம்பரிதி, தன் மாணவியை இவ்வளவு சாந்தமாகப் பார்க்க ஒரு ஆசான் எவ்வளவு கனிந்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது, அந்த மாணவி நடு வழியாக நடந்து வந்து மேடை ஏறினாள். யாரும் தடுக்கவில்லை. மாலை போடத்தான் வருகிறாள் என்று நினைத்தார்கள், மைக்கைக்கூட அவள் பக்கம் திருப்பிவைத்தார்கள்.

அவள் பேராசிரியரைப் பார்க்கவில்லை. அமிர்தகடேசனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், நீங்க பாடம் சொன்னவர். பொய் சொன்னதில்லை. ஒரே ஒரு வார்த்தை கேக்குறேன். இந்தப் படத்தை நீங்களா வரைஞ்சீங்க?"

அவர் கண்ணை மூடப் பார்த்தார்.

"முழிச்சிக்கிட்டுச் சொல்லுங்க சார்."

மண்டபத்தில் ஒரு இருமல் கேட்டது. அமிர்தகடேசன் தாடியைத் தடவினார், மெதுவாகச் சொன்னார்: "இப்ப அதுக்கென்னம்மா. கலை எல்லாருக்கும் பொதுதானே."

"பொதுன்னா சால்வையை மட்டும் ஏன் சார் நீங்க ஒருத்தரே வாங்கினீங்க?"

சிலர் சிரித்தார்கள், சிரித்தவர்களைச் சிலர் முறைத்தார்கள். செண்பகவடிவு திரும்பினாள். அந்தச் சுளகு அகலக் கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று புரிந்ததும் முதல் வரிசையில் இருந்தவர்கள் கண்ணைப் பொத்தக் கையைத் தூக்கினார்கள். அவள் பொத்த நேரம் கொடுக்கவில்லை. மிச்சமிருந்த ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, எல்லா அமாவாசையும் எல்லாப் பௌர்ணமியும், ராகு காலமும் நல்ல நேரமும், தகட்டோடு பிய்ந்து அவள் கையில் வந்தன. "ஐயையோ, கார்த்திகையில எம் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், அதையும் சேத்துல்லா கிழிச்சிட்டா," என்று பின்வரிசையில் ஒரு அம்மாள் அழுதாள்.

சந்தன முகத்துக்குக் கீழே, ஆளளவில், கறுத்த கை ஒன்று பிரஷ்ஷைப் பிடித்திருந்தது. பிரஷ் முனையிலிருந்து ஒரு சொட்டுப் பச்சை மேடை விரிப்பில் விழுந்தது. கீழே பேர்.

அச்சுப் பிழையாக இருக்கும் என்றார் அண்ணாச்சி, தன் அச்சகத்தில் பிழையே வராது என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர். பேராசிரியருக்கு அதைவிட நல்ல வழி கிடைத்தது. அவர் படத்தருகே போனார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டார், முகம் மலர்ந்தது.

"டீச்சர், நீங்க எந்தக் கையால வரைவீங்க?"

"வலது கையால."

"படத்துல பிரஷ் இடது கையில இருக்கு," என்றார் அவர், சபையைப் பார்த்து. "தன் கை எதுன்னு தெரியாமலா ஒருத்தர் தன்னை வரைவாங்க?"

மண்டபம் தலையாட்டியது. அமிர்தகடேசன்கூடக் கண்ணைத் திறந்தார். செண்பகவடிவு சிரித்தாள், காலண்டர்ச் சிரிப்பு இல்லை, பல் தெரிகிற சிரிப்பு.

"நீங்க காலையில எதைப் பாத்து சார் தலை சீவுனீங்க? கண்ணாடியில உங்க சீப்பு எந்தக் கையில இருந்துது?"

பேராசிரியரின் கை தானாகத் தலைக்குப் போய் நின்றது. மண்டபத்தில் நூறு கைகள் தலைக்குப் போயின.

"எதிர்ல உக்காந்து வேற ஒருத்தர் என்னைப் பாத்து வரைஞ்சிருந்தா, பிரஷ் என் வலது கையிலயே இருந்திருக்கும். கண்ணாடியில என்னை நானே பாத்து வரைஞ்சாத்தான் அது இடது கைக்குப் போகும். இவ்வளவு தடியாப் புத்தகம் எழுதினீங்களே சார், அதுல ஒரு ஆம்பிளைகிட்டயாவது இந்தக் கேள்வியைக் கேட்டீங்களா?"

அவள் தன் வலது கையைத் தூக்கிப் படத்திலிருந்த கைக்கு நேரே பிடித்தாள். கண்ணாடியில் பார்ப்பது போல இரண்டு கோணல் சுண்டுவிரல்களும் ஒன்றையொன்று பார்த்து வளைந்திருந்தன.

முப்பிடாதிதான் எழுந்தாள். "இதுக்கு மேல என்னத்தைப் பாக்க? அவ முகம், அவ கை, அவ வரைஞ்சா," என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அவள் பின்னாலேயே கிழக்குத் தெரு மருமகள் போனாள், அவள் பின்னால் சத்துணவுக்கூடப் பெண்கள், அவர்கள் பின்னால் கார்த்திகையில் கல்யாணம் வைத்திருந்த அம்மாளும் போனாள். கொஞ்ச நேரத்தில் தெருத்தெருவாகக் கிழிகிற சத்தம் கேட்டது, மழை வருவது போலக் கேட்டது. மேடையில் அமிர்தகடேசன் சால்வையை எடுத்து நாலாக மடித்தார். அதைப் போர்த்திக்கொண்டும் போகவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டும் போகவில்லை.

அந்த வருஷத்தின் மிச்ச நாட்களுக்கு ஆவாரங்கோட்டையில் தேதி இல்லை. மாடு கன்று போட்டதற்கு மறுநாள், மின்சாரம் போனதற்கு முந்தின நாள் என்று சொல்லிக்கொண்டார்கள். கல்யாணம் நிலாவைப் பார்த்து நடந்தது, நன்றாகவே நடந்தது. தாள் இல்லாத கை வீட்டுச் சுவரிலேயே வரைந்தது. கார்த்திகைக்கு வெள்ளையடிக்க வந்தவர்களிடம் பெண்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு அடிக்கச் சொன்னார்கள்.

மார்கழி பிறப்பதற்கு முன்பு அண்ணாச்சி செண்பகவடிவின் வீட்டுக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அடுத்த வருஷமும் அவள்தான் வேண்டும் என்று பத்து ஜில்லாவிலிருந்தும் ஆர்டர் வந்திருந்தது, அதுவும் கையோடு வேண்டும், கறுப்புக் கையோடு. கறுப்பு இப்போது விற்கிற நிறம், அதனால் அதில் கைவைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அவருக்கு ஒரே கவலைதான்.

"கையை மறைக்கக் கூடாதுன்னா தேதியை எங்க தாயி வைக்கிறது? தேதி இல்லாட்டா அது காலண்டரா?"

பேராசிரியர் காப்பி என்று சொன்ன இரண்டாவது படத்தைச் செண்பகவடிவு சாக்கிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"முகத்து மேல ஒட்டுங்க அண்ணாச்சி."

"முகத்தை மறைச்சுட்டா உன்னை யாருக்குத் தெரியும்?"

"முகத்தைக் காட்டினப்போ மட்டும் யாருக்குத் தெரிஞ்சுது?"

அப்படியே செய்தார்கள். புது வருஷத்தில் ஆவாரங்கோட்டையின் சுவர்களில் பிரஷ் பிடித்த ஒரு கறுத்த கையும் அதன் கீழே ஒரு பேரும் தொங்கின; தலை இருக்க வேண்டிய இடத்தில் தேதி இருந்தது. கண் மறைந்துவிட்டதால் தாள்களில் படம் வருவது நின்றது. ஆண்கள் பழையபடி கால் நீட்டினார்கள். கடலை விற்பனை குறைந்தது. தலைநகரத்துக் கூடத்தில் அந்தப் பெயர்ப்பலகை மாட்டப்படவில்லை, கைவிடப்பட்டதாகவும் அறிவிக்கவில்லை; பேராசிரியரின் புத்தகம் மறுபதிப்பு வந்தபோது படத்துக்கு அடியில் 'மாணவி வரைந்தது என்றும் கூறுவர்' என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. கூறுவராம். பத்து ஜில்லா பார்த்த பிறகும் கூறுவர்.

ஆனால் அந்தப் புது வருஷமும் முடிகிற அன்று காலையில், அப்படிப்பட்ட நாளில் அதுவரை ஊரில் ஒருத்தரும் செய்யாத ஒன்றை முப்பிடாதி செய்தாள். கடைசித் தாளைக் கிழித்தாள். மறையப்போகிற இடத்துக்கு அச்சகம் இந்தத் தடவையும் செலவு செய்திருக்கவில்லை. சந்தனம் இல்லை, சிரிப்பு இல்லை. கறுத்த முகம், நெரிந்த புருவம், நேராகப் பார்க்கிற இரண்டு கண்கள். மற்ற வீடுகளிலும் கிழித்தார்கள்; முழுக்கத் திறந்த கண்ணும் கையும் சேர்ந்து கிடைத்த பிறகு காலண்டர்ப் பெண் என்னென்ன வரைந்தாள் என்பதை அந்தந்த வீட்டுச் சுவர்தான் சொல்ல வேண்டும்.

அவள் மேல் புதுக் காலண்டரை மாட்ட யாருக்கும் மனசு வரவில்லை. அதனால்தான் ஆவாரங்கோட்டையில் இன்றைக்கும் எந்த வீட்டுக்குள் போனாலும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆணி இருக்கும். ஒன்றில் தேதி. இன்னொன்றில் செண்பகவடிவு, செண்பகவடிவு வரைந்தது.